கடிதம் வந்ததென்னும் அறிவிப்பு

கணினித் திரையின் கீழ்மூலையிலே, நேரத்தைக் காட்டும் இலக்கங்களுக்கு அருகே, விரல்நகத்தினுஞ் சிறியதான ஒரு கடித உறை தோன்றுகிறது. கந்தோரிலே கணக்கெழுதிக்கொண்டிருப்பவரின் கை நின்றுவிடுகிறது; கண் அந்த மூலைக்குப் போகிறது. சற்று நேரத்தில் அவ்வுறை மறைந்தும் விடுகிறது. தோன்றியபோது அது என்ன சொல்லிற்று? மறைந்தபோது என்ன சொல்லிற்று? "கடிதம் ஒன்று வந்தது" என்றதா? "வந்த கடிதத்தை நீர் இன்னும் காணவில்லை" என்றதா? அல்லது "கண்டீர், ஆனால் வாசிக்கவில்லை" என்றதா? இம்மூன்றும் மேலோட்டமாகப் பார்க்குமிடத்து ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் அவை மூன்று வேறு செய்திகள்.

வருதல் வேறு, காணுதல் வேறு, வாசித்தல் வேறு. இந்த வேறுபாட்டை மறந்தமையாலே எத்தனையோ கடிதங்கள் பதிலின்றிக் கிடந்திருக்கின்றன. வேலைக்கு விண்ணப்பித்த இளைஞருக்கு நேர்முகப் பரீட்சைக்கு வருமாறு அழைப்பு வருகிறது. அடையாளம் எழுகிறது; யாதோ ஒரு காரணத்தால் அணைந்தும் போகிறது. அவர் அதைத் திறவாமலே நாட் கடந்துவிடுகிறது. ஆகையால் இந்தச் சின்னஞ்சிறு உறையின் வரலாற்றை ஆராய்வது வீண் வேலையன்று. கடிதம் வந்ததென்று அறிவிக்கும் அடையாளம் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு மாறியது, அதனை எழுப்புபவர் யார், இறக்குபவர் யார் என்பவற்றை இன்று நோக்குவோம்.

கணினிக்கு முன்னரும் கடிதத்துக்கு அறிவிப்பு இருந்தது. 1784ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆந் திகதி, ஜோன் பாமர் என்பவரின் யோசனைப்படி, பிரிஸ்டல் நகரிலிருந்து லண்டனுக்கு முதலாவது தபால் வண்டி புறப்பட்டது. பதினாறு மணி நேரத்தில் அது லண்டனை அடைந்தது. அவ்வண்டிகளின் பின்புறத்திலே நின்ற காவலன் நீண்ட கொம்பொன்றை ஊதுவான். அக்கொம்பொலி கேட்டதும் சுங்கவாயில் காப்பவன் கதவைத் திறந்து வைப்பான். வழியிலுள்ள தபாலதிபர் தம் பையுடன் வாசலுக்கு வருவார். இந்தியாவிலே தபால் சுமந்தோடிய ஓட்டக்காரரின் கோலிலே மணிகள் கட்டப்பட்டிருந்தன. நமது இலங்கையிலும் 1832ஆம் ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஆசியாவில் ஓடிய முதலாவது தபால் வண்டி அதுவே என்பர். கொம்பும் மணியும் "தபால் வருகிறது" என்று ஊருக்கெல்லாஞ் சொல்லின. யாருடைய கடிதம் என்பதை அவை சொல்லவில்லை.

இங்கிலாந்திலே அக்காலத்தில் கடிதக் கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தார். ஆகவே தபாற்காரர் கதவைத் தட்டிவிட்டு, வீட்டார் வந்து காசு கொடுக்கும்வரை காத்து நிற்கவேண்டியிருந்தது. கதவு திறந்தால்தான் கடிதம் கைமாறும். அறிவிப்பும் ஒப்படைப்பும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன. 1840ஆம் ஆண்டில் ரோலண்ட் ஹில்லின் சீர்திருத்தத்தால் ஒரு பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது. அனுப்புபவரே முத்திரை ஒட்டிக் கூலி செலுத்தினார். அதன் பின்னர் தபாற்காரர் காத்து நிற்கவேண்டிய காரணம் இல்லாதுபோயிற்று. கதவிலே ஒரு நீண்ட துவாரம் வெட்டினாற் போதும். கடிதத்தை உள்ளே இட்டு, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். இதனால் விளைந்த மாற்றம் சிறிதன்று. கடிதம் வந்த நேரம் வேறு, அது கையில் எடுக்கப்படும் நேரம் வேறு என்று அன்றே பிரிந்துவிட்டது. அந்த இடைவெளியை நிரப்புவதற்கு ஓர் அடையாளம் வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் நாட்டுப்புறத்திலே இவ்விடைவெளி இன்னும் அகலமானது. 1896ஆம் ஆண்டில் அங்கே கிராமங்களுக்கு இலவசமாகத் தபால் கொண்டுசென்று கொடுக்கும் சேவை ஆரம்பமாயிற்று. வீடு வயலுக்கு அப்பால் இருக்கும்; பெட்டியோ தெருவோரத்தில் நிற்கும். 1915ஆம் ஆண்டில் தபாற் பகுதிப் பொறியியலாளரான றோய் ஜோரொல்மன் என்பவர் வளைந்த கூரையுடைய தகரப் பெட்டியொன்றை அமைத்தார். அதன் பக்கத்திலே ஒரு சிறு கொடி. வீட்டார் அனுப்புவதற்குக் கடிதம் வைத்திருந்தால் அக்கொடியை உயர்த்திவிடுவர். அதைக் கண்டு தபாற்காரர் வண்டியை நிறுத்துவார். இந்தக் கொடியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். சில பத்தாண்டுகளின் பின்னர் அது கணினித் திரையிலே மீண்டும் தோன்றப் போகிறது.

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பலர் ஒரே பெருங்கணினியைத் தத்தம் மேசையிலிருந்து பயன்படுத்தினர். ரொம் வான் விளெக், நோயெல் மொறிஸ் ஆகிய இருவர், ஒருவர் மற்றொருவருக்கு அக்கணினியின் உள்ளேயே செய்தி விட்டுச்செல்வதற்கான கட்டளையொன்றை எழுதினர். பெறுபவரின் பெயரிலுள்ள கோப்பு ஒன்றின் முடிவிலே அச்செய்தி சேர்க்கப்பட்டது. 1971ஆம் ஆண்டில் ரே ரொம்லின்சன் என்பவர், வலையமைப்பால் இணைந்த ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். இன்று மின்னஞ்சல் முகவரியின் நடுவே நிற்கும் வட்டமிட்ட குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

இக்காலத்திலே கடிதம் என்பது கோப்பிலே சேர்ந்த சில வரிகளே. அது வந்ததென்று எப்படி அறிவது? யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையிலே, ஒருவர் தம் பெயரைக் கொடுத்துக் கணினிக்குள் நுழைந்தவுடன் "உங்களுக்குத் தபால் இருக்கிறது" என்று ஒரு வரி எழுதிக் காட்டப்படும். பின்னர், கட்டளைகளை வாங்கிச் செய்யும் செய்நிரலே இடையிடையே அந்தக் கோப்பைச் சோதிக்கத் தொடங்கிற்று. சில பதிப்புகளில் அறுநூறு விநாடிக்கு ஒருமுறை, வேறு சிலவற்றில் அறுபது விநாடிக்கு ஒருமுறை இச்சோதனை நிகழும். அதிலே ஒரு நாகரிகமும் இருந்தது. ஒருவர் கொடுத்த வேலை முடிந்து, "அடுத்த கட்டளை என்ன?" என்று கணினி கேட்கும் தறுவாயிலேதான் அச்செய்தி காட்டப்படும். வேலையின் நடுவே குறுக்கிடாது. வீட்டிலே பெரியவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு "தபால் வந்திருக்கிறது ஐயா" என்று சொல்லும் பிள்ளையின் பண்பு அது.

அந்தப் பண்பை மாற்றிய செய்நிரல் 1980ஆம் ஆண்டில் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலே பிறந்தது. அதன் பெயர் 'பிஃப்'. அவ்வளாகத்திலே எல்லாருக்கும் பழக்கமான ஒரு நாயின் பெயர் அது. தபாற்காரரைக் கண்டாற் குரைக்கும் நாயாகையால் அப்பெயர் சூட்டப்பட்டது என்று ஒரு கதை பலகாலம் வழங்கிற்று. கதை அழகானதுதான், ஆயினும் நாயை வளர்த்தவரே அது கட்டுக்கதையென்று மறுத்துவிட்டார். குரையாத நாய்க்குக் குரைத்த புகழ் வந்து சேர்ந்தது.

பிஃப் செய்த வேலை இதுவே. ஒருவர் "ஆம்" என்று கட்டளையிட்டு வைத்தால், கடிதம் வந்த அக்கணமே அதன் தலைப்பும் முதற் சில வரிகளும் திரையில் விழும். இதற்கெனப் பின்னணியிலே நின்ற துணைச் செய்நிரல் ஏழு வரிகளையோ 560 எழுத்துகளையோ காட்டி நிறுத்தும். "இல்லை" என்றால் மௌனம். இதன் நன்மை வெளிப்படை. இனிக் காத்திருக்க வேண்டியதில்லை. தீமையும் வெளிப்படை. நீங்கள் கட்டுரையொன்றைத் திருத்திக்கொண்டிருக்கும்போது அதன் நடுவிலேயே பிறர் கடிதம் வந்து விழுகிறது. அருகே நிற்பவரும் அதை வாசிக்கலாம். ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: வந்ததைச் சொல்லிவிட்டுப் பிஃப் விலகிவிடும். வாசித்தீர்களா இல்லையா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. திரையில் நிலைத்து நிற்கும் சின்னம் எதுவும் அதனிடம் இல்லாமையால், அச்சின்னத்தை எப்பொழுது அகற்றுவது என்ற கேள்வியும் அதற்கு எழவில்லை.

அக்கேள்வி படத்தோடு வந்தது. 1980களின் பிற்பகுதியிலே, மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் உருவான 'எக்ஸ்' என்னும் சாளர முறைமை யுனிக்ஸ் கணினிகளிற் பரவிற்று. அதனோடு 'எக்ஸ்பிஃப்' என்ற சிறு செய்நிரலும் வந்தது. திரையின் ஓர் ஓரத்திலே அது ஒரு படத்தைக் காட்டும். என்ன படம்? வளைந்த கூரையும் பக்கத்திலே கொடியுமுடைய அதே அமெரிக்க நாட்டுப்புறத் தபாற்பெட்டி! கடிதம் இல்லையேல் கொடி தாழ்ந்திருக்கும். கடிதம் வந்தால் கொடி உயரும். ஓர் ஒலியும் எழும். ஆனால் இங்கே பொருள் தலைகீழாக மாறியிருப்பதைப் பாருங்கள். தெருவோரப் பெட்டியிலே கொடியை உயர்த்தியவர் வீட்டார். "என்னிடமிருந்து கடிதம் எடுத்துச் செல்லும்" என்பது அதன் பொருள். திரைப் பெட்டியிலே கொடியை உயர்த்துவது இயந்திரம். "உமக்குக் கடிதம் வந்திருக்கிறது" என்பது அதன் பொருள். வீட்டாரின் கையிலிருந்த கொடி வீட்டாரை அழைக்கும் கொடியாயிற்று.

உயர்ந்த கொடியைத் தாழ்த்துவது எப்படி? எக்ஸ்பிஃபின் விடை எளிமையானது. அது முதன்மையாகக் கடிதக் கோப்பின் அளவை நோக்கும். அளவு கூடினால் கொடியை உயர்த்தும். சுட்டியினால் அந்தப் படத்தை ஒருமுறை அழுத்தினால், "இப்பொழுதுள்ள அளவே வெறுமையான அளவு" என்று மனத்திற் குறித்துக்கொண்டு கொடியைத் தாழ்த்திவிடும். கடிதம் உள்ளேயே கிடக்கும். ஒரு வரியும் வாசிக்கப்பட்டிராது. ஆயினும் கொடி தாழ்ந்திருக்கும். "வந்ததை அறிந்துகொண்டேன்" என்பதற்கு மேல் அந்த அழுத்தத்துக்குப் பொருள் இல்லை. பயன்படுத்தியவர் இதை அறிந்திருந்தவரை தீங்கில்லை. அறியாதவருக்குத் தாழ்ந்த கொடி வெறும் பெட்டியைக் குறித்தது.

வாசித்ததைக் கணினி தானாக அறிந்துகொள்ள முடியாதா என்று அக்காலத்தவரும் எண்ணினர். அதற்கொரு தந்திரமுங் கண்டனர். ஒவ்வொரு கோப்புக்கும் அது இறுதியாக மாற்றப்பட்ட நேரத்தையும், இறுதியாகத் திறந்து படிக்கப்பட்ட நேரத்தையும் யுனிக்ஸ் குறித்துவைக்கும். மாற்றப்பட்ட நேரம் பிந்தியதாயின் புதிய கடிதம் சேர்ந்திருக்கிறது. படிக்கப்பட்ட நேரம் பிந்தியதாயின் உரியவர் பார்த்துவிட்டார். நல்ல தருக்கந்தான். ஆனால் கோப்பைத் திறந்தது மனிதரா இயந்திரமா என்பதை அக்குறிப்பு சொல்லாது. இரவிலே பாதுகாப்புக்காகப் பிரதி எடுக்கும் செய்நிரல் அக்கோப்பைத் திறந்தாலும் படிக்கப்பட்ட நேரம் மாறலாம். காலையிலே கணினி சொல்லும்: "கடிதம் வாசிக்கப்பட்டுவிட்டது". யார் வாசித்தார்?

இத்தந்திரத்தின் பின்கதையும் சுவையானது. ஒரு கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் நேரத்தை எழுதிவைப்பது கணினிக்குப் பெருஞ் சுமை. ஆகவே லினக்ஸ் முறைமையைப் பராமரித்தவர்கள் பலர் அப்பதிவை நிறுத்திவைத்தனர். நிறுத்தியதும், அதனை நம்பியிருந்த கடிதச் செய்நிரல்கள் புதியதெது பழையதெது என்று அறியாமற் தடுமாறின. இறுதியில் 2007ஆம் ஆண்டில் ஒரு நடுவழி வகுக்கப்பட்டது: கோப்பு மாற்றப்பட்டபின் முதன்முறை படிக்கப்படும்போது நேரம் பதிக்கப்படும்; மீண்டும் மீண்டும் படிக்கையில் அந்தச் சுமை தவிர்க்கப்படும். 2009ஆம் ஆண்டிலே இதுவே லினக்ஸின் வழக்கமான நிலையாயிற்று. கடிதம் பார்க்கப்பட்டதா என்ற சிறு கேள்வியின் பொருட்டு, உலகெங்கும் இயங்கும் ஒரு பணிசெயல் முறைமையின் அடித்தளத்திலேயே விதியொன்று அமைக்கவேண்டியிருந்தது.

அறிவாளிகளின் ஆய்வுகூடத்துக்கு வெளியே, சாதாரண மக்களுக்கு இந்த அறிவிப்பைக் கொண்டுசென்றது படமன்று, குரல். 1989ஆம் ஆண்டில் எல்வூட் எட்வேர்ட்ஸ் என்ற அமெரிக்க அறிவிப்பாளர், தம் வீட்டிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியிலே "உங்களுக்குத் தபால் வந்திருக்கிறது" என்பதையும் வேறு சில வாக்கியங்களையும் ஆங்கிலத்திற் பேசிப் பதிந்தார். பின்னர் அமெரிக்கா ஒன்லைன் என்று பெயர்பெற்ற சேவை அக்குரலைப் பயன்படுத்திற்று. தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணைத்தவுடன் அக்குரல் கேட்கும். 1998ஆம் ஆண்டில் அவ்வாக்கியமே ஒரு திரைப்படத்தின் பெயராகும் அளவுக்கு அது பிரசித்தியடைந்தது. எட்வேர்ட்ஸ் 2024ஆம் ஆண்டில் காலமானார். வானொலி கேட்கும் நமக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். குரல் ஒருமுறை ஒலித்துவிட்டு ஓய்ந்துவிடும். கொம்பொலியைப் போலவே அதுவும் வருகையை மாத்திரம் சொல்லிற்று. பொய் சொல்வதற்கு அதனிடம் இடமில்லை.

இனி, நாம் தொடக்கத்திற் கண்ட உறைக்கு வருவோம். 1995ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் முறைமையிலே திரையின் அடியில் நீண்ட பட்டையொன்றும், அதன் வலது ஓரத்தில் நேரத்தோடு சிறு சின்னங்கள் நிற்கும் இடமும் அமைக்கப்பட்டன. கடிதச் செய்நிரல்கள் அங்கே குடியேறின. மைக்கிரோசொவ்ற் நிறுவனத்தின் அவுற்லுக் 1997ஆம் ஆண்டிலிருந்து கந்தோர்களிலே பரவிற்று. அதன் பல பதிப்புகளிலே, கடிதம் வரும்போது என்ன செய்வது என்பதற்கு நான்கு தெரிவுகள் தரப்பட்டன: ஒலி எழுப்பலாம், சுட்டியின் முனையைச் சற்று உருமாற்றலாம், கீழ்ப்பட்டையில் உறைச் சின்னத்தைக் காட்டலாம், சில விநாடிகள் தோன்றி மங்கும் அறிவிப்புப் பலகையைக் காட்டலாம். கடைசியிற் கூறிய பலகை 2003ஆம் ஆண்டுப் பதிப்பிலே வந்தது. அப்பலகை சாதாரணமாகக் கடிதங்கள் முதலில் வந்து சேரும் பெட்டிக்கே தோன்றும். வீட்டுக்காரர் தாமே விதிவகுத்து, சில கடிதங்கள் வேறு பெட்டிக்குப் போகும்படி செய்திருந்தால் அவற்றுக்குப் பலகை எழாது. ஒழுங்காக அடுக்கிவைப்பவருக்கே அறிவிப்புக் குறைந்துபோகும் விந்தை இது.

நான்கு தெரிவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒலியும் முனையின் உருமாற்றமும் மங்கும் பலகையும் கணப்பொழுதில் முடிபவை. அவை வருகையின் அறிகுறிகள். உறை ஒன்றே நிலைத்து நிற்பது. ஆகவே அது வெறும் நிகழ்ச்சியைச் சொல்லாது, ஒரு நிலைமையைச் சொல்ல முனைகிறது. ஐந்து கடிதங்கள் வந்தன, ஒன்றைத் திறந்தோம். உறை மறையவேண்டுமா, நிற்கவேண்டுமா? வருகையைக் குறிப்பதாயின் மறையலாம், வந்ததை அறிந்துகொண்டோமல்லவா? வாசியாமையைக் குறிப்பதாயின் நிற்கவேண்டும். நான்கு இன்னும் திறக்கப்படவில்லையே! இரண்டு விடையும் நியாயமானவை. ஒரே சின்னம் இரண்டையுஞ் செய்ய இயலாது.

இதனைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது, 2004ஆம் ஆண்டில் தன் முதற் பதிப்பை முழுமையாக வெளியிட்ட தண்டர்பேர்ட் என்னும் செய்நிரல். மொசில்லாக் குழுவினர் ஆக்கிய அதிலே 'புதியது' என்பதும் 'வாசியாதது' என்பதும் இரு வேறு குறிகள். வாசியாத கடிதம் தடித்த எழுத்திலே நிற்கும். திறக்கும்வரை அத்தடிப்பு மாறாது. புதிய கடிதத்துக்கு அதனோடு தனிக்குறி ஒன்றும் உண்டு. அப்பெட்டியை விட்டு வேறு பெட்டிக்குப் போய் வந்தால், கடிதத்தைத் திறவாவிட்டாலும் அக்குறி நீங்கிவிடும். "இது வந்ததை நீர் கண்டுவிட்டீர், இனி இது புதியதன்று, ஆனால் வாசியாதது" என்று செய்நிரல் கருதுகிறது. இத்தண்டர்பேர்டின் உள்ளே, புதிய கடிதம் பற்றிய அறிவிப்பை ஆளும் அமைப்புகளெல்லாம் எந்தப் பெயரைத் தாங்கியுள்ளன தெரியுமா? 'பிஃப்' என்ற பெயரையே. பேர்க்லி வளாகத்து நாய் மறைந்து பல்லாண்டுகளாயினும், அதன் பெயர் இன்னும் தபாலுக்குக் காவலிருக்கிறது.

ஆப்பிள் நிறுவனம் வேறு வழியைப் பின்பற்றிற்று. 2001ஆம் ஆண்டில் வந்த அதன் புதிய பணிசெயல் முறைமையிலே, திரையின் அடியில் வரிசையாக நிற்கும் சின்னங்களுள் கடிதச் செய்நிரலின் சின்னத்தின்மீது சிவந்த வட்டமும் அதனுள் ஓர் எண்ணும் தோன்றின. வாசியாத கடிதங்களின் தொகையே அந்த எண். இது வருகையின் அடையாளமன்று, கடன் கணக்கு. ஒன்றை வாசித்தால் ஒன்று குறையும். பொய் சொல்லாத நேர்மையான முறைதான். ஆயினும் அது ஓய்வதில்லை. விளம்பரக் கடிதத்தையும் வைத்தியரின் கடிதத்தையும் ஒரே நிறையாக எண்ணும். எண் பெரிதாகிப் பெரிதாகி ஆயிரத்தை எட்டும்போது கண் அதனைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறது. நாள் முழுதும் அடிக்கும் மணியோசை காதிலே விழாததுபோல, என்றும் எரியும் சிவப்பும் கண்ணிலே படாது.

படம் எதுவாயினும், சின்னம் உண்மை பேசுவதற்கு அதன் பின்னே நிற்கும் சேவையகம் உண்மை சொல்லவேண்டும். பழைய 'பொப்' நெறிமுறையிலே, நம் கணினி குறித்த இடைவெளியில் சேவையகத்தைத் தானே சென்று கேட்கும்: "கடிதம் உண்டா?" வாசித்தது எது, வாசியாதது எது என்ற கணக்கு சேவையகத்திடம் இல்லை, வீட்டுக் கணினியிடமே இருந்தது. 1986ஆம் ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திலே மார்க் கிறிஸ்பின் தொடக்கிய 'ஐமப்' நெறிமுறை அக்கணக்கைச் சேவையகத்துக்கு மாற்றிற்று. பின்னர் 1997ஆம் ஆண்டில் அதற்கொரு சேர்க்கை வந்தது. அதன்படி நம் கணினி "இங்கே காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அமைதியாயிருக்கும். கடிதம் வந்தால் சேவையகமே தட்டி எழுப்பும். இணைப்பு அறுந்துபோகாதிருக்க, 29 நிமிடத்துக்கு ஒருமுறையேனும் அக்காத்திருத்தலைப் புதுப்பிக்குமாறு விதி கூறுகிறது. தபாற்கந்தோருக்கு நடந்துசென்று கேட்ட காலம் போய், தபாற்காரர் வீட்டுக்கு வந்து தட்டிய காலம் மீண்டும் வந்தது.

ஐமப் நெறிமுறையிலே ஒவ்வொரு கடிதத்துக்கும் சில கொடிகள் உண்டு. 'கண்டது' என்பது ஒரு கொடி. 'அண்மையில் வந்தது' என்பது இன்னொரு கொடி. இந்த இரண்டாவது கொடியின் கதையே நம் வரலாற்றின் முடிச்சு. ஒரு கடிதம் வந்ததும், முதலிலே போய் விசாரிக்கும் இணைப்புக்கே 'அண்மையில் வந்தது' என்று சொல்லப்படும்; அடுத்து வருபவருக்கு அது பழையதாகிவிடும். ஒருவருக்கு ஒரே கணினி இருந்த நாளில் இது பொருந்திற்று. இன்றோ ஒரே மனிதருக்குக் கந்தோரிலே ஒன்று, வீட்டிலே ஒன்று, சட்டைப்பையிலே ஒன்று. முதலிற் கேட்ட கைத்தொலைபேசிக்குப் புதியதாயிருந்த கடிதம், கந்தோர்க் கணினிக்குப் புதியதன்று. எந்தக் கருவிக்குப் புதியது என்ற கேள்விக்குப் பொருத்தமான விடை இல்லை. ஆகவே 2021ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட நெறிமுறையிலே இக்கொடி கைவிடப்பட்டது. 'கண்டது' என்ற கொடி மாத்திரம் முன்போல நின்றது.

அதுவும் முழு உண்மையைச் சொல்வதில்லை. பேருந்திலே நின்றபடி கைத்தொலைபேசியில் ஒரு கடிதத்தை விரலாற் தொட்டோம், இறங்கும் இடம் வந்தது, மூடிவிட்டோம். 'கண்டது' என்று சேவையகத்திலே பதிந்தாயிற்று. கந்தோருக்குச் சென்று கணினியைத் திறந்தால் தடித்த எழுத்து இல்லை, உறை இல்லை, எண் இல்லை. கடிதமோ வாசிக்கப்படவே இல்லை. அந்த நேர்முகப் பரீட்சை அழைப்பு அணைந்துபோனது இப்படித்தான். குற்றம் இயந்திரத்தினதா? அது தான் அறிந்ததைச் சொல்லிற்று: கடிதம் திறக்கப்பட்டது. திறத்தலையே வாசித்தலென்று எண்ணியவர் நாமே.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் தெளிந்துகொள்வது ஒன்று. கொம்பும் மணியும் குரலும் பேசிய காலம் வரை, அறிவிப்பு வருகையை மாத்திரஞ் சொல்லிற்று. வாசித்தல் மனிதரின் பொறுப்பாயிருந்தது. சின்னம் திரையில் நிலைகொண்ட நாள்முதல், நம் பொறுப்பின் ஒரு பகுதியையும் அதனிடம் கொடுத்துவிட்டோம். "உறை இல்லை, ஆகவே வேலை இல்லை" என்று நம்பத் தலைப்பட்டோம். கோப்பின் அளவைப் பார்த்தனர், நேரத்தைப் பார்த்தனர், கொடிகளை வகுத்தனர், கைவிட்டனர். எந்த முறையாலும் ஒரு மனிதரின் மனம் ஒரு கடிதத்தின் பொருளைப் பற்றிக்கொண்டதா என்பதை அளக்க முடியவில்லை. அளக்கவும் இயலாது.

ஆகையால் கடிதச் செய்நிரலைப் பயன்படுத்துவோர் அதன் சின்னம் மூன்றில் எதைச் சொல்கிறதென்று ஒருமுறையேனும் சோதித்து அறிவது நன்று. தமக்கே ஒரு கடிதம் அனுப்பி, எப்பொழுது உறை எழுகிறது, எப்பொழுது மறைகிறது என்று பார்த்தாற் போதும். அரைகுறையாகத் திறந்த கடிதத்தை மீண்டும் 'வாசியாதது' என்று குறித்துவைக்கும் வசதியும் இச்செய்நிரல்களில் உண்டு. அமெரிக்க நாட்டுப்புறத்து வீட்டார் தம் கையாலேயே கொடியை உயர்த்தியதுபோல, நாமும் நம் கையாலே அக்கொடியை உயர்த்திவைக்கலாம். இயந்திரம் தாழ்த்திய கொடியை மீண்டும் உயர்த்தும் உரிமை நம்மிடமே இருக்கிறது.

தபாற்காரரின் சைக்கிள் மணி ஒலித்தபோது வாசலுக்கு ஓடிய கால்களை நம்மிற் பலர் நினைவுகூரலாம். மணி அவர்களை அழைத்ததேயன்றி, கடிதத்தை அவர்களுக்காக வாசித்துக் கொடுக்கவில்லை. உறையைப் பிரித்து, இருந்து, ஒரு வரியும் விடாமல் வாசித்தவர்கள் வீட்டாரே. திரையின் மூலையிலே தோன்றும் இந்தச் சிறு உறையும் அந்த மணியின் வழித்தோன்றலே. அதனிடம் மணியின் வேலையை மாத்திரம் எதிர்பார்த்தால் அது நம்மை ஏமாற்றாது.